கம்யூனிட்டி காலேஜில் பிசிக்ஸ்: ஃபீஸ் கம்மிதான்... ஆனா டைம்?

அமெரிக்கக் கல்வி பற்றி நம் போன் ஸ்கிரீனில் வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, ஹார்வர்டுக்கும் அதிபர் ட்ரம்ப்புக்கும் நடக்கும் சண்டை. இன்னொன்று, விசா. 2025 மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்காணல்கள் சில வாரங்கள் நிறுத்தப்பட்டன. ஜூனில் மறுபடி தொடங்கியபோது, ‘சோஷியல் மீடியா கணக்குகளை பப்ளிக்காக மாற்றி வையுங்கள்’ என்று சொன்னார்கள். ரீல்ஸில் இருந்து வாட்ஸ்அப் குரூப் வரை இதே பேச்சுதான்.

இந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. “நேரா யுனிவர்சிட்டி போனா கட்டுப்படியாகாது. ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் ரெண்டு வருஷம் பெரிய யுனிவர்சிட்டி... இது நடக்குமா?” கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் கேட்கிறார்கள், இங்கே ப்ளஸ் டூ முடித்தவர்களும் கேட்கிறார்கள்.

நடக்கும். நிறைய பேருக்கு நடந்திருக்கிறது. ஆனால், எந்தப் பாடம் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தப் பாதையின் கஷ்டம் மாறும். பிசிக்ஸ் எடுத்தால் கணக்கே வேறு. ஏன் என்று பார்த்துவிடலாம்.

அது என்ன கம்யூனிட்டி காலேஜ்?

இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் அரசு கல்லூரி. இன்றும் இயங்கும் அரசு கம்யூனிட்டி காலேஜ்களில் மிகப் பழையது, இல்லினாய் மாநிலத்தில் 1901-ல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ். இரண்டாம் உலகப்போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியபோது, ‘எல்லோருக்கும் உயர்கல்வி’ என்ற யோசனை அமெரிக்காவில் சூடுபிடித்தது. அதிபர் ட்ரூமன் அமைத்த கமிஷன் 1947-ல் தந்த அறிக்கைக்குப் பிறகுதான் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்ற பெயர் பரவலானது. இன்று நாடு முழுக்க 1,000-க்கும் அதிகமான கல்லூரிகள் இருக்கின்றன.

இதில் தனி உலகம் கலிஃபோர்னியா. 116 கல்லூரிகள், 20 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள். இதன் அடித்தளம் 1960-ல் போட்ட ‘மாஸ்டர் பிளான்’. பள்ளி முடிப்பவர்களில் முதல் 12.5 சதவிகிதத்தினர் யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு, அதாவது யு.சி-க்குப் போகலாம். முதல் 33 சதவிகிதத்தினர் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குப் போகலாம். மீதி எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். நுழைவுத்தேர்வு கிடையாது, கட்-ஆஃப் கிடையாது. இரண்டு வருடம் நன்றாகப் படித்துக் காட்டினால், பெரிய பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர வழி உண்டு.

நம் ஊர் பாஷையில் சொன்னால், பாலிடெக்னிக் முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி மாதிரி. ஆனால், அங்கே இன்ஜினீயரிங் மட்டும் இல்லை. வரலாறு, பொருளாதாரம், பிசிக்ஸ் என எதற்கும் இது பொருந்தும்.

இது கடைசி பெஞ்ச் ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். யு.சி-யில் பட்டம் வாங்குபவர்களில் சுமார் 29 சதவிகிதமும், ஸ்டேட் யுனிவர்சிட்டியில் பட்டம் வாங்குபவர்களில் பாதிப்பேரும் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கியவர்கள்தான். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் படித்து 1976-ல் வெளியே வந்தவர். மனித மரபணு வரைபடப் போட்டியில் பெயர்பெற்ற கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய பிறகு காலேஜ் ஆஃப் சான் மேட்டியோவில்தான் படிப்பைத் தொடங்கினார்.

ஃபீஸ் கணக்கு

முதலில் எல்லோரும் பார்ப்பது இதைத்தான். கலிஃபோர்னியாவில் வசிப்பவர் என்ற தகுதி இருந்தால், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்குத் தேவைப்படுவது 60 செமஸ்டர் யூனிட். ஆக, இரண்டு வருடத்துக்கு 2,760 டாலர். நம் காசில் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். குறைந்த வருமானக் குடும்பம் என்றால் இந்தத் தொகையும் தள்ளுபடி ஆகும்.

அதே நபர் நேராக யு.சி-யில் சேர்ந்தால், ஓர் ஆண்டுக் கல்விக் கட்டணமே சுமார் 15,000 டாலர். வெளிநாட்டு மாணவர் என்றால் அது ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும். சாப்பாடு, வாடகை தனி.

இதைப் பார்த்ததும் “அப்புறம் என்ன யோசனை?” என்று தோன்றும். யோசிக்க வேண்டியது ஃபீஸைப் பற்றி இல்லை. நேரத்தைப் பற்றி.

இரண்டு விதமான பிசிக்ஸ்

கம்யூனிட்டி காலேஜின் பாடப் பட்டியலைத் திறந்தால் ‘பிசிக்ஸ்’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகள் தெரியும். முதல் வகை, அல்ஜீப்ரா மட்டும் வைத்து நடத்தப்படுவது. மருத்துவம், உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு. இரண்டாம் வகை, கால்குலஸ் வைத்து நடத்தப்படுவது. பிசிக்ஸ் மேஜர், இன்ஜினீயரிங் போகிறவர்களுக்கு இதுதான் கட்டாயம். பெயரை மட்டும் பார்த்துத் தவறான வகுப்பில் சேர்ந்தால், நல்ல மார்க் வாங்கினாலும் பிசிக்ஸ் மேஜருக்கு அது உதவாது.

கால்குலஸ் பிசிக்ஸ் என்பது ஒரே வகுப்பு இல்லை, ஒரு சங்கிலி. முதலில் மெக்கானிக்ஸ். அதற்கு முன் கால்குலஸ் முதல் பகுதி முடித்திருக்க வேண்டும். அடுத்து மின்சாரமும் காந்தவியலும். அதற்கு மெக்கானிக்ஸும் கால்குலஸ் இரண்டாம் பகுதியும் வேண்டும். அதன்பிறகு வெப்பவியல், ஒளியியல், நவீன இயற்பியல். கூடவே பல மாறிகள் கொண்ட கால்குலஸ், டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ், லீனியர் அல்ஜீப்ரா.

இதை நான்கு செமஸ்டரில் அடுக்கிப் பாருங்கள். முதல் செமஸ்டரில் கால்குலஸ் 1. இரண்டாவதில் கால்குலஸ் 2, மெக்கானிக்ஸ். மூன்றாவதில் கால்குலஸ் 3, மின்காந்தவியல். நான்காவதில் மீதி எல்லாம். சரியாகப் பொருந்துகிறது. ஆனால் நடுவில் ஒரு செமஸ்டர்கூட ஓய்வு இல்லை. ஒரு வகுப்பில் தவறினாலும், ஒரு வகுப்பில் இடம் கிடைக்காவிட்டாலும், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் அப்படியே தள்ளிப்போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய கல்லூரிகளில் மின்காந்தவியல் மாதிரி மேல்நிலை வகுப்பை வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள். சேர ஆள் குறைந்தால் வகுப்பையே ரத்து செய்வதும் உண்டு. யு.சி. வளாகங்களில் பெரும்பாலான டிரான்ஸ்ஃபர் சேர்க்கை இலையுதிர் காலத்தில், அதாவது வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது. எனவே, ஒரு செமஸ்டர் தாமதம் என்பது நடைமுறையில் ஒரு வருடத் தாமதம்.

சைக்காலஜி, பிசினஸ் மாதிரி பாடங்களில் வகுப்புகளை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம். பிசிக்ஸில் அந்த வசதி கிடையாது.

நவம்பரில் விண்ணப்பம்

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. அடுத்த இலையுதிர் காலச் சேர்க்கைக்கான யு.சி. விண்ணப்பத்தை முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே போட வேண்டும். இரண்டாம் வருடத்தில் இருக்கும் மாணவர் அப்போது முடித்திருப்பது இரண்டே செமஸ்டர். மேலே சொன்ன அட்டவணைப்படி, அவர் கையில் இருக்கும் பிசிக்ஸ் மதிப்பெண் ஒன்றே ஒன்று: மெக்கானிக்ஸ். மின்காந்தவியல் அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும்.

ஆக, காலேஜில் காலடி வைத்த முதல் வாரத்திலேயே நான்கு செமஸ்டருக்கும் பிளான் போட்டிருக்க வேண்டும். எந்தக் கல்லூரியின் எந்த வகுப்பு, எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த வகுப்புக்குச் சமம் என்று பார்க்க ‘அசிஸ்ட்’ என்ற இணையதளத்தை மாநிலமே நடத்துகிறது. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யு.சி. வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. எந்தப் பாடத்துக்கு என்ன நிபந்தனை என்பது வளாகத்துக்கு வளாகம் மாறும். எல்லோரும் ஆசைப்படும் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே போட்டிதான். ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு 2010-ல் வந்த சட்டத்தின்படி, டிரான்ஸ்ஃபருக்கென்றே வடிவமைத்த அசோசியேட் பட்டம் முடித்தால் அந்த அமைப்புக்குள் ஓர் இடம் உறுதி. ஆனால், நீங்கள் கேட்கும் வளாகமே கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

வீட்டில் யாராவது காலேஜ் போயிருந்தால் இதெல்லாம் காதில் விழுந்திருக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால்? யாராவது சொல்லித் தர வேண்டும். கவுன்சலர் ஒருவர் பல நூறு மாணவர்களைப் பார்க்கும் இடத்தில், அந்த ‘யாராவது’ கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

வகுப்பறை எப்படி?

இங்கேதான் ஒரு இனிய அதிர்ச்சி. பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸ் வகுப்பு என்றால், சில நூறு பேர் உட்காரும் ஹால். சந்தேகம் கேட்பது பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களான உதவியாளர்களிடம். கம்யூனிட்டி காலேஜில் லேபில் எத்தனை மேஜையோ அந்தளவுக்குத்தான் வகுப்பு, பெரும்பாலும் 20 முதல் 40 பேர். பாடம் எடுப்பவரே லேபிலும் நிற்பார். அவர் வேலையே பாடம் நடத்துவதுதான். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியாக வேண்டும் என்ற அழுத்தம் கிடையாது. கலிஃபோர்னியாவில் பிசிக்ஸ் எடுக்கக் குறைந்தபட்சத் தகுதி முதுநிலைப் பட்டம். முனைவர் பட்டம் பெற்ற பலரும் இங்கே வேலை செய்கிறார்கள்.

ஆனால் பெரும்பாலான ஆசிரியர்கள் பகுதி நேரப் பணியாளர்கள். காலையில் ஒரு கல்லூரி, மதியம் 50 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல்லூரி என்று ஓடுபவர்கள். ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ என்றே அவர்களுக்குப் பட்டப்பெயர் உண்டு. நம் ஊர் கௌரவ விரிவுரையாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள், நிலைமை புரியும். வகுப்பு முடிந்து பத்து நிமிடம் நின்று பேச ஆசிரியருக்கு ஆசை இருக்கும். நேரம் இருக்காது.

ஆராய்ச்சி லேப் இல்லாததும் ஒரு குறைதான். பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே ஒரு பேராசிரியரின் லேபில் நுழைந்துவிடும் மாணவருக்கு, மூன்றாம் ஆண்டில் வந்து சேரும் டிரான்ஸ்ஃபர் மாணவரை விட இரண்டு வருட முன்தொடக்கம் கிடைக்கிறது. பி.எச்டி. போக நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வந்து இறங்கிய முதல் செமஸ்டரிலேயே குவான்டம் மெக்கானிக்ஸ், மேல்நிலை மின்காந்தவியல் எல்லாம் ஒன்றாகத் தாக்கும். முதல் செமஸ்டரில் மதிப்பெண் சரிவதற்கு அங்கே ‘டிரான்ஸ்ஃபர் ஷாக்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

கால்குலஸ் எனும் வாசல்: இப்போதைய சண்டை

கலிஃபோர்னியாவில் இப்போது பிசிக்ஸ் மாணவர்களை நேரடியாகப் பாதிக்கும் விவாதம் ஒன்று ஓடுகிறது. முன்பெல்லாம் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்ததும் ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைப்பார்கள். மார்க் குறைந்தால், அடிப்படை அல்ஜீப்ரா, இடைநிலை அல்ஜீப்ரா, பிரீ-கால்குலஸ் என்று படிப்படியாக ஏறி வர வேண்டும். கால்குலஸைத் தொடுவதற்கே ஒன்றரை, இரண்டு வருடம் போய்விடும்.

2017-ல் வந்த ஏ.பி. 705 சட்டம் இந்த அடிப்படை வகுப்புகளைப் பெருமளவு குறைத்தது. 2022-ல் வந்த ஏ.பி. 1705 இன்னும் ஒரு படி மேலே போனது. அறிவியல், இன்ஜினீயரிங் மாணவர்களைப் பெரும்பாலும் நேராகக் கால்குலஸிலேயே உட்கார வைக்க வேண்டும், தேவைப்பட்டால் கூடுதல் உதவி வகுப்பு தர வேண்டும் என்பது அதன் சாரம். 2025 இலையுதிர் காலம்தான் இதற்கான கெடு.

ஆதரிப்பவர்களின் வாதம் எளிது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒவ்வொரு வகுப்பிலும் 70 சதவிகிதம் பேர் தேறுகிறார்கள். கால்குலஸ் மட்டும் என்றால் நூற்றில் 70 பேர் தாண்டுவார்கள். அதற்கு முன் இரண்டு வகுப்பு வைத்தால், மூன்று படி தாண்டி வெளியே வருபவர்கள் 34 பேர்தான். மூன்று வகுப்பு வைத்தால் 24 பேர். பாடம் கஷ்டம் என்பதால் மட்டும் இல்லை. படி அதிகமாக அதிகமாக வேலை, வாடகை, குழந்தை, உடம்பு சரியில்லை என்று ஏதோ ஒரு காரணத்தில் ஆள் கழன்றுவிடுகிறார். இப்படிக் கழன்றவர்களில் ஏழைக் குடும்பத்து மாணவர்கள், கறுப்பின, லத்தீன் மாணவர்கள்தான் அதிகம். ‘உதவி செய்கிறோம் என்று சொல்லி நீங்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தீர்கள்’ என்கிறார்கள்.

எதிர்ப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எதிர்ப்பவர்களில் கணித ஆசிரியர்கள் நிறைய. ட்ரிக்னாமெட்ரியைப் பள்ளியில் பார்க்காதவரை, வேலைக்காகப் பத்து வருடம் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வருபவரை, நேராகக் கால்குலஸில் தள்ளினால் முதல் மாதத்திலேயே ‘நமக்கு இது வராது’ என்று எழுந்து போய்விடுவார் என்பது அவர்கள் பயம். பிசிக்ஸ் ஆசிரியருக்கு இன்னொரு கவலை: தட்டுத்தடுமாறி கால்குலஸ் தேறியவர் மெக்கானிக்ஸ் வகுப்பில் வந்து உட்கார்ந்து, வெக்டரைப் பிரிக்கும்போது சைனா, காஸா என்று குழம்பினால்? எதிர்ப்புக்குப் பிறகு அமலாக்கத்தில் சில தளர்வுகள் வந்தன. விவாதம் முடியவில்லை.

இரு தரப்பையும் வைத்துப் பார்த்தால், உண்மையான கேள்வி ‘எந்த வகுப்பில் தொடங்குவது’ என்பது மட்டும் இல்லை. கூடவே வரும் உதவி எவ்வளவு தரமானது என்பதும்தான். கூடுதல் வகுப்பு, டியூட்டர், பகலில் வேலைக்குப் போகிறவருக்கு மாலை நேர லேப். இதற்கெல்லாம் காசு வேண்டும். சட்டம் நேரத்தை மிச்சப்படுத்தலாம். உதவிக்கு ஆள் போடாவிட்டால், மிச்சமான அந்த நேரம் ஃபெயில் ஆன வகுப்பைத் திரும்ப எழுதுவதிலேயே போய்விடும்.

80-க்கும் 16-க்கும் நடுவில்

அமெரிக்கா முழுக்க எடுத்துக்கொண்டால், கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் சுமார் 80 சதவிகிதம் பேர் இளநிலைப் பட்டம் வரை போக வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள். நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுபவர்கள் மூன்றில் ஒரு பங்கு. ஆறு வருடத்தில் பட்டத்தைக் கையில் வாங்குபவர்கள் சுமார் 16 சதவிகிதம்.

இந்த எண்ணைப் பார்த்து ‘அந்தக் காலேஜெல்லாம் மோசம்’ என்று முடிவுகட்டுவது தப்பு. மாறிப்போனவர்கள் நன்றாகவே படிக்கிறார்கள். யு.சி-யில் நேராகச் சேர்ந்தவர்களுக்கும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கும் பட்டம் முடிக்கும் விகிதத்தில் பெரிய இடைவெளி இல்லை. இழப்பு நடப்பது அதற்கு முன்னால். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் பார்ட்-டைமாகப் படிக்கிறார்கள். இரண்டு வருடப் படிப்பு அவர்களுக்கு நான்கு, ஐந்து வருடம். மாறும்போது சில வகுப்புகள் கணக்கில் சேராமல் போவதும் உண்டு. படித்ததையே மறுபடி படிக்க வேண்டி வரும்.

பிசிக்ஸ் லேப் என்றால் வாரத்துக்கு மூன்று மணி நேரம், குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட நேரம். ஷிஃப்ட் மாற்றித் தராத முதலாளியிடம் வேலை பார்ப்பவர் எப்படி வருவார்? டிராப் அவுட் ஆகும் பலரைத் தோற்கடிப்பது நியூட்டன் இல்லை, டைம் டேபிள்.

வேகமான வேலையா, மெதுவான அறிவியலா?

கம்யூனிட்டி காலேஜுக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு முகம். ஒன்று, சீக்கிரம் ஒரு தொழில் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்புவது. இன்னொன்று, பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்வது. பிசிக்ஸ் இரண்டாவது முகம்.

இப்போது அரசின் பணம் முதல் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. ஏழை மாணவர்களுக்கான மத்திய அரசின் பெல் உதவித்தொகை ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். 2025 ஜூலையில் கையெழுத்தான ட்ரம்ப் அரசின் பெரிய வரிச் சட்டம், இந்த உதவியை 8 முதல் 15 வாரத் தொழிற்பயிற்சிகளுக்கும் 2026 ஜூலை முதல் விரிவுபடுத்தியது. வெல்டிங், மருத்துவ உதவியாளர் மாதிரி குறுகிய பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல செய்திதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதே 2025-ல், அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் தரும் நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷனின் பட்ஜெட்டைப் பாதிக்கும் மேல் குறைக்க வெள்ளை மாளிகை முன்மொழிந்தது. முன்மொழிவுதான், பணத்தைத் தீர்மானிப்பது காங்கிரஸ். ஆனால் அரசு எந்தத் திசையில் யோசிக்கிறது என்று தெரிகிறது. கோடையில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர் ஒருவர் பெரிய லேபில் பத்து வாரம் சம்பளத்தோடு ஆராய்ச்சி செய்ய வழிசெய்யும் திட்டங்கள் பலவும் இந்த அமைப்பின் காசில்தான் நடக்கின்றன.

12 வாரத்தில் சான்றிதழ் தரும் வகுப்புக்கும், பத்துப் பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் மின்காந்தவியல் வகுப்புக்கும் நடுவே ஒரு கல்லூரி முதல்வர் தேர்வு செய்ய வேண்டி வந்தால், எது ரத்தாகும் என்று யூகிப்பது கஷ்டம் இல்லை.

அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு...

குப்பர்டினோவில் டி ஆன்சா, ஃப்ரீமான்ட்டில் ஓலோனி... இந்தியர்கள் நிறைந்த ஊர்களிலேயே நல்ல கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. ஹைஸ்கூல் பிள்ளைகளை அங்கே ஓரிரு வகுப்பு எடுக்க அனுப்புவது சகஜம். ஆனால் முழுநேரமாகச் சேர்வது என்றால், “ஊர்ல என்னன்னு சொல்றது?” என்ற தயக்கம் வந்துவிடுகிறது. பட்டச் சான்றிதழில் பெர்க்லி என்றுதான் இருக்கும். முதல் இரண்டு வருடம் எங்கே படித்தார் என்று அதில் அச்சடிக்க மாட்டார்கள்.

விசா விஷயம்தான் நிஜமான சிக்கல். பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4-ல் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் அந்த அந்தஸ்து போய்விடும். கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்கு எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணமும் மாறலாம். பிசிக்ஸில் ஒரு வருடத் தாமதம் என்று முன்பு சொன்னோமே, 20 வயதில் அந்த ஒரு வருடத்தின் விலை இவர்களுக்கு மிக அதிகம்.

இங்கிருந்து போக நினைப்பவர்களுக்கு...

2023-24-ல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். பெரும்பாலோர் முதுநிலைப் படிப்புக்குப் போனவர்கள். இளநிலைக்குக் கம்யூனிட்டி காலேஜ் வழியாகப் போவது இன்னும் சிறிய பாதைதான். ஏஜென்ட் யாராவது ‘செம ஆஃபர்’ என்று சொன்னால், இதையெல்லாம் கேளுங்கள்.

ஒன்று, 46 டாலர் கட்டணம் உங்களுக்கு இல்லை. எஃப்-1 மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலரும் அதற்கு மேலும் ஆகும். பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் ஹாஸ்டல் கிடையாது. வாடகை, மருத்துவக் காப்பீடு சேர்த்துக் கணக்கு போடுங்கள். மூன்றாம் ஆண்டு யு.சி. போகும்போது அந்த 50,000 டாலர் கணக்கு மறுபடி வரும். மிச்சம் இரண்டு வருடத்துக்குத்தான்.

இரண்டு, படித்து முடித்து வேலை அனுபவம் பெற உதவும் ஸ்டெம் ஓ.பி.டி. நீட்டிப்பு அசோசியேட் பட்டத்துக்குக் கிடையாது. இளநிலைப் பட்டம் வேண்டும். நடுவில் நின்றால் கையில் மிஞ்சுவது மிகக் குறைவு. அந்த இரண்டு வருடப் பட்டத்தை இந்தியாவில் மூன்று வருட பி.எஸ்சி-க்குச் சமமாகவும் காட்ட முடியாது.

மூன்று, மாணவர் விசாவில் அமெரிக்காவில் இருக்கும் காலத்தை அதிகபட்சம் நான்கு ஆண்டுகளாக்க 2025 ஆகஸ்டில் அந்த நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு விதியை முன்மொழிந்தது. இப்படியொரு விதி நடைமுறைக்கு வந்தால், 3 + 2 என்று ஐந்து வருடம் ஆகும் பிசிக்ஸ் மாணவர் நடுவில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் இதற்குச் சமம் எது?

சமுதாயக் கல்லூரி என்ற பெயர் இங்கேயும் உண்டு. புதுச்சேரி பல்கலைக்கழகம் 1995-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் இங்கே அது பெரும்பாலும் தொழில் டிப்ளமோ தரும் இடம். அங்கிருந்து பிசிக்ஸ் பட்டத்துக்கு ஏறும் படிக்கட்டு கிடையாது.

பிசிக்ஸுக்கு நம் ஊர் டிரான்ஸ்ஃபர் கதவு என்றால் அது ‘ஜாம்’ தேர்வுதான். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்த ஒருவர், அந்த ஒரு தேர்வை எழுதி ஐ.ஐ.டி-யில் எம்.எஸ்சி. சேரலாம், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பி.எச்டி-க்கும் முயற்சி செய்யலாம். அமெரிக்கப் பாதையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு. அங்கே இரண்டாம் வருட முடிவில் கதவு திறக்கிறது, இங்கே மூன்றாம் வருட முடிவில். அங்கே இரண்டு வருட மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், இங்கே ஒரே நாள், மூன்று மணி நேரம்.

ஒரு ஒற்றுமையும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கதவு சட்டப்படி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அது இருப்பதே பலருக்கு இரண்டாம் வருடத்தில்தான் தெரிகிறது. தயாராக வேண்டிய நேரம் முதல் செமஸ்டர். பிசிக்ஸ் வகுப்பின் முதல் வாரத்தில் ஒரு ஆசிரியர் பத்து நிமிடம் ஒதுக்கி இந்தப் பாதையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் ஆகும் செலவு ஒரு துண்டு சாக்பீஸ். கலிஃபோர்னியா கல்லூரிகள் இதற்கென்று டிரான்ஸ்ஃபர் சென்டர் வைத்திருக்கின்றன. நம் கலைக் கல்லூரிகளில் ஜாம் பற்றிச் சொல்ல ஒரு நோட்டீஸ் போர்டாவது இருக்கிறதா?

எனவே, கம்யூனிட்டி காலேஜில் பிசிக்ஸ் படிக்கலாமா என்று கேட்டால், உள்ளூர் கட்டணம் இருந்து, கால்குலஸுக்குத் தயாராக இருந்து, முதல் நாளிலேயே நான்கு செமஸ்டர் பிளான் கையில் இருந்தால், தயங்காமல் படிக்கலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றால் மூன்று வருடம் என்று கணக்கு வைத்துக்கொண்டு இறங்குங்கள். வெளிநாட்டு மாணவராகப் போவதென்றால் அந்த மூன்றாவது வருடத்துக்கான பணமும் விசாவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலேஜ் பெயரைப் பற்றிய கவலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.